எரிந்த நகரின் நினைவுச்சாலை

ஒரு நகரின் தொன்மையை அறிய விரும்புவோர் அதன் கோட்டைகளையும் கோயில்களையும் சென்று காண்பர். அவற்றுள் பெரும்பாலானவை தீக்கு இரையாகிவிட்டால், அந்நகரின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோ இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது.

அந்நகரின் பழம்பெயர் எடோ. 1603ஆம் ஆண்டில் தொக்குகவா இயெயாசு என்பார் 'ஷோகன்' என்னும் படைத்தலைமைப் பதவியேற்று, ஆங்கிருந்து நாட்டை ஆண்டார். 1868இல் அது டோக்கியோ எனப் பெயர் பெற்றது. மரவீடுகள் நெருங்கிய அந்நகரைத் தீ பலகாலும் வருத்தியது. 1657இல் எழுந்த பெருந்தீ, கோட்டையின் உயர்ந்த மாடத்தையும் எரித்தது. அம்மாடம் மீண்டும் கட்டப்படவே இல்லை. பின்னர், 1923இல் நிலநடுக்கமும், 1945இல் விமானக் குண்டுவீச்சும் நகரைச் சாம்பலாக்கின.

இத்தகைய நகரின் வாழ்வை விளக்க எழுந்ததே எடோ-டோக்கியோ அருங்காட்சியகம். சுமிதா ஆற்றின் அருகே, ரியோகொக்கு என்னுமிடத்தில், 1993இல் அது திறக்கப்பெற்றது. நான்கு பெருந்தூண்கள் தாங்கி நிற்கும் அக்கட்டடம் ஏறத்தாழ 62 மீட்டர் உயரமுடையது. எரிந்தொழிந்த கோட்டை மாடத்தின் உயரத்தை ஒத்தது. பெரும் புதுப்பிப்புப் பணிக்காக 2022இல் அது மூடப்பெற்றது. அதற்குமுன் சென்றோர் கண்ட காட்சிகளை நாமும் காண்போம்.

உட்புகுவோரை முதலில் வரவேற்பது 'ஜப்பான் பாலம்' எனப் பொருள்படும் நிஹொன்பாஷி. நாட்டின் ஐந்து பெருவழிகளும் அப்பாலத்திலிருந்தே தொடங்கின. அதன் வடபாதி, உண்மை அளவிலேயே மரத்தால் அமைக்கப்பட்டிருந்தது. அதன் ஒருபுறம் எடோவின் காட்சிகள். மறுபுறம் டோக்கியோவின் காட்சிகள். ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளும் அங்கே இருந்தன. ஒரே சிற்றறையில் குடும்பம் முழுதும் வாழ்ந்த நிலை, காண்போர் நெஞ்சை உருக்கும்.

சிறு உருவங்கள் பல நிறைந்த ரியோகொக்குப் பாலத்தின் மாதிரி நம் சிந்தைக்குரியது. நகரின் காவல் கருதி, ஆட்சியாளர் முன்பு சுமிதா ஆற்றில் அவ்விடத்தில் பாலம் அமைத்திலர். 1657இல் தீக்கு அஞ்சி ஓடிவந்தோர் ஆற்றைக் கடக்க வழியின்றி மாண்டனர். அதன் பின்னரே ஆங்குப் பாலம் எழுந்தது. பகைவர்க்கு அஞ்சி அடைத்த வழியை, மக்கள் உயிர் கருதித் திறந்தனர்.

அங்குள்ளவற்றுள் பல பழம்பொருள்கள் அல்ல. ஓவியங்களையும் ஏடுகளையும் ஆராய்ந்து புதியனவாக அமைத்த மாதிரிகளே. எனினும் அவை பொய்ம்மை ஆகா. பொருள் அழியினும், அறிவால் அதனை மீட்கலாம் என்பதற்கு அவையே சான்று.

மாணவர்களே! மாடமாளிகையின் பெருமையை மட்டுமன்றி, எளியோர் குடிலையும், முன்னோர் செய்த பிழையையும் மறையாமல் காட்டுவதே மெய்யான வரலாறு. அதனைக் கற்போரே, முன்னோர் உற்ற துயர் மீண்டும் வாராமல் காக்க வல்லவராவர்.