நம் பெயர்களும் அவற்றின் பொருளும்

கடைத்தெருவிற்குப் புதிதாய் வருபவர் கண்ணில் முதலில் படுவது சரக்கன்று, பெயர்ப் பலகைதான். சரக்கு மாறும், விலை மாறும், கடை இருக்கும் இடமும் மாறலாம். பெயர் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் தொடர்ந்து வரும். ஆகவே வியாபாரிக்குப் பெயரும் ஒரு முதலேயாகும்.

அரிசி மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் அப்பொழுதே கேட்டுவிடுகிறோம். சொந்தப் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் கூடினாலும், "போகட்டும், நம்மைத் தெரியாதவர் யார்?" என்று விட்டுவிடுகிறோம். அதனால் வரும் நஷ்டம் பிற்காலத்தில் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. ஆதலின், நம் ஊர்ப் பெயர்கள், குலப் பெயர்கள், சொந்தப் பெயர்கள் ஆகியவற்றின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, முடிவில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் கூறுவோம்.

ஊர்ப் பெயர்கள்

நமது பெக்கோக், ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே ரெயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை அந்தப் பாதை 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்வழியே நாள்தோறும் நாம் உச்சரிக்கும் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி உண்டு.

குளுவாங் என்பது மலாய் மொழியில் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. சிகாமட்டைப் பற்றி மக்கள் ஒரு கதை கூறுவர். 1511-ல் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் விழுந்தபின், அங்கிருந்து தப்பி வந்த பெண்டஹாரா ஒருவர் இவ்வாற்று நீரைப் பருகி, 'செகார் அமாட்', அதாவது 'மிகவும் குளுமை' என்றாராம். அதுவே ஊர்ப் பெயராயிற்று என்பது அக்கதை. ஜொகூர் என்பதோ, மணிக்கல்லைக் குறிக்கும் 'ஜவ்ஹர்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். நம்மவர் பிள்ளைகளுக்கு இடும் 'ஜவ்ஹர்' என்ற பெயரும் இதுவே. முன்பு தஞ்சோங் புத்ரி என்று வழங்கிய துறைக்கு 1866-ல் ஜொகூர் பாரு என்று பெயர் வந்தது. 'பாரு' என்றால் புதியது. பினாங்கு என்றால் பாக்கு என்பதை நம் வியாபாரிகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, நம் முன்னோர் கப்பலேறிய கரைக்குச் செல்வோம். பட்டினம் என்பது கடற்கரை நகரம். பேட்டை என்பது சரக்கு வந்திறங்கி விற்பனையாகும் இடம். காயல் என்பது கடலை அடுத்த உப்பங்கழி. காயல்பட்டினம் அதனால் வந்த பெயர். கீழ்த் திசையில் உள்ள கரை கீழக்கரை. அதிவீரராம பாண்டியன் பெயரால் அமைந்த பட்டினம் மக்கள் நாவில் தேய்ந்து அதிராம்பட்டினம் ஆயிற்று என்பர்.

இவற்றுள் பரங்கிப்பேட்டையின் பெயர் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது. பரங்கி என்பது ஐரோப்பியருக்கு, சிறப்பாகப் போர்த்துக்கீசியருக்கு, வழங்கிய பெயர். பினாங்கிலுள்ள பத்து பெரிங்கி என்ற கடற்கரையின் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றும் ஒரு பெயர் உண்டு. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பார்ஸிச் சொல். மலாய் மொழியில் நகரத்தை 'பண்டார்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றே. கடலின் இரு கரைகளிலும் ஒரே சொல் நிலைபெற்றிருக்கிறது என்றால், அதைச் சுமந்து சென்றவர் கப்பல் வியாபாரிகளே. நம் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆயிற்று. 'கப்பல்' 'காபால்' ஆயிற்று. 'முதல்' 'மோடல்' ஆயிற்று. இந்நாட்டில் நம்மவர் கொடுக்கல் வாங்கலின் பழமைக்கு இச்சொற்களே சாட்சி.

குலப் பெயர்கள்

மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, சோனகர் என்று நம்மில் பல பெயர்கள் வழங்குகின்றன. இவை எவ்வாறு வந்தன?

மரைக்காயர் என்பதை 'மரக்கலராயர்' என்பதன் திரிபு என்று சிலரும், கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்று சிலரும் கூறுவர். எவ்வழிக் கொண்டாலும் அது கடலோடு சேர்ந்த பெயர். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். குதிரையோடு சேர்ந்த பெயர். இச்சொல் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாயும் இருந்ததில்லை. அருணகிரிநாதர் மயில் மேல் ஏறிவரும் முருகனையே ராவுத்தன் என்று அழைத்திருக்கிறார். லெப்பை என்பது, அழைத்தவர்க்கு 'இதோ வந்தேன்' என்று விடை கூறும் 'லப்பைக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். சோனகர் என்பது யவனர் என்ற பழஞ்சொல்லின் வழி வந்தது. கப்பல் செலுத்துவோனை நாம் 'மாலுமி' என்கிறோம். அதுவும், கற்றுக்கொடுப்பவர், வழிகாட்டுபவர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே.

ஆகவே சகோதரர்களே, இப்பெயர்கள் நம் முன்னோர் செய்த தொழிலையும், அவர்கள் வந்த வழியையும் காட்டுவன. இவற்றில் உயர்வு தாழ்வுக்கு இடமே இல்லை. ஒருவர் பாட்டனார் கப்பலில் வந்தார். ஒருவர் பாட்டனார் குதிரைமேல் வந்தார். இன்று பேரப்பிள்ளைகள் இருவரும் ஒரே கடைத்தெருவில் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிறார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் இப்பெயர்கள் தடையாய் நிற்குமானால், அது பெயரின் குற்றமன்று. அதன் பொருளை அறியாதார் குற்றம்.

பினாங்கில் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் 1801-ல் தோன்றியது. அதற்கு மூலபுருஷராய் விளங்கியவர், நம்மவர்க்குத் தலைவராய் இருந்த காதர் முகைதீன் மரைக்காயர். ஆங்கிலேயர் தம் ஏடுகளில் மரைக்காயர் என்பதை 'மெரிக்கன்' என்று எழுதினர். அவ்வெழுத்தே நிலைத்துவிட்டது. இன்றும் மலேசியாவில் பல குடும்பங்கள் மெரிக்கன் என்பதைத் தம் பெயரோடு சேர்த்தே எழுதி வருகின்றன. அப்பெயரைக் கேட்ட ஓர் இளைஞர் அவர்களை அமெரிக்காவோடு தொடர்புபடுத்தினால் வியப்பதற்கில்லை. எழுதுகோல் பிடித்தவர் கேட்டபடி எழுதிய ஒரு சொல், இருநூறு ஆண்டுகள் கடந்தும் நிற்பதைப் பாருங்கள்.

சொந்தப் பெயர்கள்

முஹ்யித்தீன் என்ற அரபுப் பெயருக்கு 'மார்க்கத்தை உயிர்ப்பிப்பவர்' என்பது பொருள். 1166-ல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயர் அது. நம் நாவில் அது முகைதீன், மொய்தீன், மைதீன் என்று பலவாறாய் வழங்குகிறது. 1957-ல் கோத்தா பாருவில் தொடங்கி இன்று நாடெங்கும் கிளைவிட்டிருக்கும் மைடின் பேரங்காடி, தன் நிறுவனரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2020 முதல் 2021 வரை மலேசியப் பிரதமராய் இருந்தவர், நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில் பிறந்த முஹிடின் யாசின். மைதீன், மைடின், முஹிடின் ஆகிய மூன்றும் ஒரே பெயர் என்பது எழுத்தைப் பார்த்தால் விளங்காது. பொருளைப் பார்த்தால் விளங்கும்.

அரபுப் பெயரைத் தமிழாக்கிக்கொள்வது நமக்குப் புதிதன்று. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர், செய்கு அப்துல் காதிர் என்பதன் தமிழ் வடிவம். உமர் என்பதை உமறு என்றும், ஹமீத் என்பதை அமீது என்றும் நம் மக்கள் தம் நாவுக்கு இசையச் சொன்னார்கள். அதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால் பொருளை மட்டும் தவறவிடலாகாது.

ஓர் உதாரணம் கூறுவோம். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு ஆஸியா என்ற பெயர் இருந்தது. 'மாறு செய்பவள்' என்று அதற்குப் பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை மாற்றி, 'அழகியவள்' என்று பொருள்படும் ஜமீலா என்ற பெயரைச் சூட்டினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அப்படியானால், பிர்அவ்னின் மனைவியாகிய நல்லடியார் ஆஸியாவின் பெயரை நம் பெண்களுக்கு இடலாமா என்று சிலர் கேட்கலாம். தாராளமாய் இடலாம். அது வேறு சொல். முன்னையது ஐன், ஸாத் என்ற எழுத்துக்களால் ஆனது. பின்னையது அலிப், ஸீன் என்ற எழுத்துக்களால் ஆனது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ் எழுத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. ஜமால் என்றால் அழகு. ஜமல் என்றால் ஒட்டகம். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. தமிழின் நெடில் அதைத் தெளிவாய்க் காட்டிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'அப்துல்' என்பது தனிப் பெயர் அன்று. 'அப்து' என்றால் அடிமை; 'அல்' என்பது அடுத்து வரும் சொல்லோடு சேர்வது. அப்துல் காதிர் என்றால் பேராற்றலுடையோனின் அடிமை. அப்துல் ரஹ்மான் என்றால் அருளாளனின் அடிமை. 'மிஸ்டர் அப்துல்' என்று நிறுத்தினால், யாருடைய அடிமை என்பது சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. அப்துல் என்பதை வெட்டிவிட்டு 'ரஹ்மான்' என்று மட்டும் மனிதரை அழைப்பதோ, அதைவிடப் பெரிய பிழை. அது இறைவனுக்கே உரிய திருநாமம்.

தகப்பன் பெயர்

நம்மவர்க்கு மேல்நாட்டாரைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது. தமிழ்நாட்டில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையோ, தகப்பன் பெயரின் முதலெழுத்தையோ முன்னே வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னே எழுதுவோம். இந்நாட்டிலோ சொந்தப் பெயர் முன்னும், 'பின்' அல்லது 'பிந்தி' என்ற சொல்லுக்கு அப்பால் தகப்பன் பெயரும் வரும். 'பின்' என்றால் மகன். 'பிந்தி' என்றால் மகள். மலாக்காவில் 1796-ல் பிறந்து மலாய் உரைநடைக்குப் புதுவழி கண்ட முன்ஷி அப்துல்லாவின் முழுப் பெயர் அப்துல்லா பின் அப்துல் காதிர். எமனிலிருந்து வந்து நாகூரில் தங்கி மணம் செய்துகொண்ட ஓர் அரபியரின் கொள்ளுப்பேரர் அவர். முன்ஷி என்பது ஆசிரியர் என்ற பட்டம். இவ்வாறு பெயரைப் பகுத்துப் பார்த்தாலே ஒருவரின் தகப்பன், தொழில் இரண்டும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. நம் பெண்கள் மணம் முடித்த பின்னும் தகப்பன் பெயரையே கொண்டிருப்பதும் இம்முறையைச் சேர்ந்ததே.

ஏடுகளில் நம் பெயர்

இனி விஷயத்திற்கு வருவோம். சேகு முகம்மது என்பவரின் மகன் முகைதீன் அப்துல் காதர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தில் அவர் 'சே. மு. முகைதீன் அப்துல் காதர்'. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து எழுதியதால் 'சேகு முகம்மது முகைதீன்'. இங்குள்ள அடையாளக் கார்டில், எழுதியவர் காதில் விழுந்தபடி 'மைடின் காடர் பின் சேக் முகமட்'. நிலக் கிராண்டிலோ 'எம். ஏ. காதர்'. உயிரோடு இருக்கும்வரை இந்நால்வரும் ஒருவரே என்று அவரே சொல்லிக்கொள்ளலாம். அவர் கண்ணை மூடிய பிறகு? ஊரிலிருக்கும் மனைவியும், இங்கிருக்கும் மக்களும் ஒவ்வோர் அலுவலகப் படியாய் ஏறி, சத்தியப் பிரமாணம் செய்து, நான்கு பேரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும். ஷரீஅத்துப்படி யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெளிவாய் இருந்தும், பங்கு வைக்க வேண்டிய சொத்து யாருடையது என்ற கேள்வியில் ஆண்டுகள் கழியும்.

மலாயாவில் அடையாளக் கார்டு 1948-ல் அவசர காலத்தில் வந்தது. அக்காலத்தில் எழுதப்பட்ட பல பிழைகள், 2001-ல் வந்த மைக்காட் வரையிலும் தொடர்ந்து வந்துள்ளன. இன்று கணினி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கிறது. கடைத்தெருவில் நமக்குள்ள நற்பெயர் அதற்குத் தெரியாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை இவை. முதலாவது, ஒரு குறிப்பேட்டில் குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரையும் அரபு எழுத்திலும், தமிழிலும், அடையாளக் கார்டில் உள்ள எழுத்திலும் எழுதி, தகப்பன், பாட்டனார் பெயர்களையும் பூர்வீக ஊரையும் குறித்து வைப்போம். இரண்டாவது, கிராண்டு, லைசென்சு, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் ஆகியவற்றை ஒரு நாள் மேசைமேல் பரப்பி ஒத்துப் பார்ப்போம். வேறுபாடு இருப்பின், சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே, பிறப்புப் பத்திரத்தோடு தேசியப் பதிவு இலாகாவில் திருத்தம் கோரலாம். திருத்த இயலாதவற்றிற்குப் பிரமாணப் பத்திரம் எழுதி வைக்கலாம். மூன்றாவது, பிள்ளை பிறந்ததும், ஆலிம் ஒருவரிடம் பெயரின் பொருளைக் கேட்டு, எழுத்தை முடிவு செய்து கையில் எழுதிக்கொண்ட பிறகே பதியச் செல்வோம். பதிவு செய்ய 60 நாள் தவணை இருக்கிறது, அவசரம் வேண்டாம்.

நம் பாட்டனார்கள் அதிகமாய் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு தகரப் பெட்டியும் ஒரு பெயருமே கொண்டுவந்தார்கள். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. பெயர் நம்மிடம் இருக்கிறது. அதைப் பொருள் அறிந்து வைப்போம், பிழையின்றி எழுதுவோம், நம் மக்கள் கையில் சிதையாமல் கொடுப்போம். அதற்கு வல்ல இறைவன் துணை செய்வானாக.