ஆயிரம் முட்டையும் ஒற்றைக் குட்டியும்

திண்டிவனத்து மல்லாட்டைக் கொல்லையில் பறக்கும் அந்துப்பூச்சிக்கும் ஆழ்கடலில் திரியும் சுறாவுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உறவு ஏதுமில்லை. ஆனால் இரண்டையும் மனிதன் கொல்கிறான். ஒன்றைப் பயிரைக் காக்க, மற்றொன்றை எண்ணெய்க்காக. பூச்சி கொல்லக் கொல்லத் தழைக்கிறது. சுறாவோ அருகி வருகிறது. விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதன் காரணத்தை ஆராய விழைந்தேன்.

நம் உழவர்கள் அஞ்சும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்தான் இந்தப் பூச்சி. அம்சாக்டா ஆல்பிஸ்ட்ரைகா என்பது நூற்பெயர். வெண்ணிற முன்சிறகில் பழுப்புக் கோடுகளும் விளிம்பில் மஞ்சள் பட்டையும் உண்டு. நல்ல மழை பெய்த சில நாட்களில் மண்ணிலிருந்து கூட்டமாக வெளிவரும். ஒரு பெண்பூச்சி 800 முதல் 1000 முட்டைகள் வரை இடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்த புழுக்கள் இலையைச் சுரண்டும். வளர்ந்ததும் கொல்லை விட்டுக் கொல்லை படையெடுக்கும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று மல்லாட்டை இரகங்களுக்குத் தன் பெயரையே தந்த திண்டிவனத்துக்கு இது பழைய பகை. ஒன்றரை மாதத்தில் புழு மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழப் பத்து மாதம் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். இந்தப் பொறுமையே அதன் பலம் என்பேன். விளக்குப்பொறி, கொல்லையோரத் தீ, கோடை உழவு எல்லாம் செய்து ஆயிரத்தில் 990 மடிந்தாலும் எஞ்சிய பத்து போதும்.

இனிக் கடலுக்கு வருவோம். பல நூறு மீட்டர் ஆழத்தில் வாழ்வது சென்ட்ரோபோரஸ் இனச் சுறா. பெரிய பச்சைக் கண்கள். இரு முதுகுத் துடுப்புகளின் முன்னும் முள். சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த ஈரலே அவற்றை அமிழாமல் தாங்குகிறது. அந்த எண்ணெயிலுள்ள ஸ்குவாலீன் முகப்பூச்சுகளுக்கும் சில தடுப்பூசிகளுக்கும் பயன்படுகிறது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் இச்சுறாவைத் தேடி நெடுந்தொலைவு சென்றிருக்கிறார்கள். வாங்குவோர் இருக்கப் பிடிப்போரை மட்டும் குறைகூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் கணக்கு கொடியது. இச்சுறா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. அதுவும் ஓர் ஈற்றுக்கு ஒன்று அல்லது இரண்டே. சினைக்காலம் இரண்டாண்டு வரை நீளும். பருவமடையவும் பல்லாண்டு ஆகும். மாலத்தீவில் 1980 வாக்கில் தொடங்கிய இச்சுறாத் தொழில், கால் நூற்றாண்டு நிறைவதற்குள் சுறா கிடைக்காமல் ஓய்ந்துவிட்டது. 2010இல் அந்நாடு சுறா பிடிப்பதையே தடை செய்தது.

முகப்பூச்சுக்கு வேண்டிய எண்ணெயை இப்போது ஒலிவத்திலிருந்தும், கரும்புச் சர்க்கரையை நொதிக்கச் செய்தும் எடுக்கிறார்கள். கரும்பு நம் விழுப்புரத்து வயல்களிலும் விளைகிறது.