கட்டுவிரியன் கடியும் இரவல் மூச்சும்

2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்து ஓடி, கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தறப்பாள் கொட்டில்களில் கிடந்து வந்தவர்களுக்கு, நிலத்தில் பாய் விரித்துப் படுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் திரும்பியவர்களும் வீடு கட்டி முடியும்வரை அப்படித்தான் படுத்தார்கள். வயற்காவலுக்கும் சேனைக்காவலுக்கும் போகிறவர்கள் இன்றும் அப்படியே படுக்கிறார்கள். இந்தப் பாடம் அந்தப் பாயிலிருந்து தொடங்குகிறது.

மழைக்கால இரவு ஒன்றை நினைத்துக்கொள்வோம். சாமம் கழிந்த நேரம். பாயில் படுத்திருந்த ஒருவர் வயிற்று நோவென்று எழும்புகிறார். இரண்டு தரம் சத்தி எடுக்கிறார். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறார்கள். உடம்பில் வீக்கம் இல்லை, காயமும் தெரியவில்லை. விடியும் நேரத்தில் அவருடைய கண் இமைகள் தாமாகவே கீழே விழுகின்றன. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்கிறார். பிறகு பேச்சுக் குழறுகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. இன்னும் சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிடலாம்.

இது கட்டுவிரியன் கடி. சில இடங்களில் இதை எட்டடி விரியன் என்பார்கள். கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் கொண்ட இந்தப் பாம்பு இரவில் நடமாடும். எலியையும் மற்றச் சிறு பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். நித்திரையில் புரளும் மனிதரின் கையோ காலோ பட்டால் கடிக்கும். பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே கடிபட்டவருக்கே தெரியாமல் போகலாம். நாகமும் கண்ணாடி விரியனும் கடித்தால் ஊரே எழும்பிவிடும். இது கடித்தாலோ வீட்டாரும் நித்திரையில்தான் இருப்பார்கள்.

நஞ்சு எங்கே வேலை செய்கிறது?

மூளையிடும் கட்டளை நரம்பு வழியாகத் தசைக்குப் போகிறது. நரம்பை வாய்க்கால் என்றும் தசையை வயல் என்றும் வைத்துக்கொண்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மடை இருக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு அந்த மடையைச் சிதைக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வயலும் நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர் பாயாது. முதலில் இமைத் தசை சோர்கிறது; பின்னர் தொண்டை; கடைசியில் நெஞ்சையும் உதரவிதானத்தையும் அசைக்கும் தசைகள். இதயம் மட்டும் நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல் தானே துடிக்கும் தசையானபடியால் தொடர்ந்து துடித்துக்கொண்டிருக்கும்.

வைத்தியசாலையில் ஏற்றும் நஞ்செதிர் மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த மடையை அது திருத்தாது. நரம்பு நுனி தானாகவே வளர்ந்து மீண்டும் பொருந்த வேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும், சிலருக்கு வாரங்களும் ஆகும். அந்த நாட்கள் முழுவதும் அவருக்காக வேறு யாராவது மூச்சுவிட வேண்டும். இந்தக் கடியின் வைத்தியத்தில் மிகப் பெரிய பங்கு இதுதான்.

அவசரம் ஏன் என்பதற்கு மூளையைப் பார்க்க வேண்டும். உடம்பின் நிறையில் அது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் இளைப்பாறிக்கொண்டிருக்கும் உடம்பு செலவழிக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வீட்டில் நெல்லை மூட்டையாக அடுக்கி வைப்பதுபோல மூளைக்கு ஒட்சிசனைச் சேமித்து வைக்க முடியாது. அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவரின் நிலைதான் அதற்கு. ஒட்சிசன் முற்றாக நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களில் மூளையின் கலங்கள் அழியத் தொடங்கிவிடும்.

மாணவர் கைகள் கொடுத்த மூச்சு

1952ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. அந்த நோயிலும் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அங்கிருந்த பிளெக்டம் வைத்தியசாலையில் போதிய இயந்திரங்கள் இருக்கவில்லை. மூச்சுத் தசை செயலிழந்தவர்களிற் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர், ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, றப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தது. அதன்பின் மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து, இரவு பகலாகப் பை அழுத்தினார்கள். சாவு பாதிக்கு மேல் குறைந்தது. இன்று உலகெங்கும் உள்ள அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்த வேலையிலிருந்துதான் வளர்ந்தன. பெரிய இயந்திரம் வந்தது பிறகு. முதலில் மனிதரின் கைகள்தான் இருந்தன.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. அனுராதபுரம் பொது வைத்தியசாலையில் 1996 முதல் 1998 வரை வைத்தியர் குலரத்ன கட்டுவிரியன் கடித்த 210 பேரைக் கவனித்து எழுதினார். அநேகமாக எல்லோரும் இரவில் நிலத்தில் படுத்திருந்தபோது கடிபட்டவர்கள். பெரும்பாலும் மண் வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். அவர்களில் 101 பேருக்குச் சுவாச இயந்திரம் தேவைப்பட்டது. சிலருக்கு அரை நாள் போதுமாயிருந்தது. ஒருவருக்கு 29 நாட்கள். இறந்தவர்கள் 16 பேர். இயந்திரம் இல்லாதிருந்தால் அந்த 101 பேரில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடுமையாக நஞ்சேறியவர் கண் திறக்கமாட்டார், விரல் அசைக்கமாட்டார், கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார். கண்மணிக்கு வெளிச்சம் காட்டினாலும் அது சுருங்காமல் இருக்கலாம். செத்துப் போனவர் என்று வீட்டார் ஒப்பாரி வைத்துவிடக்கூடும். ஆனால் கழுத்தில் நாடி துடிக்கிறதென்றால் அவர் இருக்கிறார். பக்கத்தில் பேசுவது காதில் விழுந்துகொண்டும் இருக்கலாம். ஆகவே அவர் அருகே நம்பிக்கையிழந்த வார்த்தை எதுவும் பேசாதிருப்போம்.

வழியில் மூச்சு நின்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்து, ஐந்து ஆறு விநாடிகளுக்கு ஒருமுறை, வைத்தியசாலை வாசல்வரை விடாமல் ஊத வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் தொடரட்டும். சத்தி வருமானால் இடது பக்கம் சரித்துக் கிடத்துவது நல்லது. கடித்த இடத்தை வெட்டுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எல்லாம் தீமையே தரும். கை காலை அசைக்காமல் வைத்துக் கொண்டுபோனால் போதும்.

விசகடிப் பரியாரியை நாம் குறைத்துப் பேசவில்லை. வைத்தியசாலை எட்டாத காலத்தில் ஊரைக் காத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் மூச்சு நின்றால் இயந்திரம் கொடுப்பதைக் கல்லும் மூலிகையும் கொடுக்கமாட்டா. கடித்தது எதுவென்று பார்த்தவுடன் நோயாளியைத் தாமே வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கும் பரியாரியே நல்ல பரியாரி.

கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கும்வரை, மூதூர்ப் பக்கத்து நோயாளி திருகோணமலைக்குப் போகத் துறையில் பாதைக்காகக் காத்துக் கிடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று பாலமும் இருக்கிறது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பணம் வாங்காத அம்புலன்சும் வருகிறது.

பிழைத்து வந்த பிறகு

வைத்தியசாலையிலிருந்து வீடு வந்ததோடு கதை முடியும் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். பொலன்னறுவைப் பகுதியில் பாம்புக்கடிக்கு ஆளாகி உடம்பில் நஞ்சேறிப் பிழைத்த 88 பேரை, ஓராண்டு முதல் நான்கு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களில் 48 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அதே ஊர்களில் கடிபடாத 88 பேரில் அது 13 பேரிடம்தான் இருந்தது. வயலுக்குப் போகப் பயம், இருட்டில் பயம், நித்திரையின்மை, தலையிடி, உடல் அலுப்பு. சிலர் தொழிலையே விட்டிருந்தார்கள். வீட்டார் அதைச் சோம்பல் என்றோ, உடம்பில் தங்கிவிட்ட நஞ்சு என்றோ நினைத்தார்கள்.

இது சோம்பலன்று. ஆபத்து வரும்போது மூளை கட்டளையிட, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கும். ஓடவும் போராடவும் அது பலம் தரும். சாதாரண நாளில் அது விடியற்காலையில் ஏறி, இரவில் இறங்கிவிடும். போதும் என்று மூளையே நிறுத்திவிடும். கடும் மனச்சோர்வு உள்ளவர்கள் பலரிடம் இந்த நிறுத்தும் ஏற்பாடு சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். ஆபத்து நீங்கிய பிறகும் உடம்பு காவல் நின்றுகொண்டே இருக்கிறது. நித்திரை, பசி, ஞாபகம் எல்லாம் அதனால் குழம்புகின்றன. எல்லோரிடமும் இப்படியென்று சொல்ல முடியாது. பெரும் அச்சத்துக்குப் பின் கோட்டிசோல் குறைந்து காணப்பட்டவர்களும் உண்டு. ஆகவே இரத்தம் எடுத்து ஓமோனை அளந்து மனச்சோர்வு இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவரோடு இருந்து கேட்டால்தான் தெரியும்.

இந்த ஓமோன் கதையைப் படிக்கையில் நமக்குப் பாம்பு மட்டும் நினைவுக்கு வரவில்லை. செல் விழுந்த இரவுகளும், 2004ஆம் ஆண்டின் கடலும், காணி இழந்த ஆண்டுகளும் நம்மவர் உடம்பில் அதே காவலை ஏற்றி வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஒரு கடி.

பாம்புக்கடிக்கு ஆளானவர்களிடம் வைத்தியர் சிறிது நேரம் அமர்ந்து நோயை விளக்கி, பயத்தைப் பற்றிப் பேசினால் பயன் உண்டா என்றும் இந்நாட்டில் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மனத் தொல்லைகளும், அன்றாட வேலை செய்ய முடியாமையும் ஓரளவு குறைந்திருந்தன; மனச்சோர்வு நோய் அதனால் மட்டும் குறையவில்லை. எனவே வீட்டாரின் ஆறுதல் பேச்சு வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் ஊக்கமும் திரும்பாவிட்டால் வைத்தியசாலை உளநலப் பிரிவும் வேண்டும். அங்கே போவது பைத்தியக்காரனுக்கு என்ற பேச்சை நாம்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியாக நுளம்பு வலை. மலேரியாக் காலத்தில் வீடு வீடாகத் தந்த வலைகள் பல இப்போது கோழிக்கூட்டையும் நாற்றுமேடையையும் மூடுகின்றன. 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் கிடைத்ததும், வலை எதற்கு என்றாகிவிட்டது. நேபாளத்தின் தென்கிழக்கில் செய்த ஆய்வொன்று, வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று 2007இல் காட்டியது. விளிம்பைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் பாம்பு உள்ளே வர வழியில்லை. கட்டிலோ, நாலு கம்பு நட்ட பரணோ இருந்தால் இன்னும் நல்லது. நெல் மூட்டை இருக்கும் அறையில் எலி வரும், எலியைத் தேடி இதுவும் வரும். அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்காதிருப்போம்.

கிராமக் குழுவில் பேசுவதற்கு:

நம் ஊரில் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் வாகனம் எடுக்கக்கூடியவர் யார்? அவருடைய தொலைபேசி இலக்கம் எத்தனை வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது?

வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கப் பழகியவர்கள் எத்தனை பேர்? பழக்கித் தரும்படி குடும்பநல உத்தியோகத்தரை எந்த நாளில் அழைக்கலாம்?

பாம்புக்கடியிலிருந்து பிழைத்து வந்தவர் நம் ஊரில் இருக்கிறாரா? அவர் இப்போது வயலுக்குப் போகிறாரா? கடைசியாக அவரோடு இருந்து பேசியது யார்?