சேத்துமடை மலைப்பாதை: வேரை விட்டு வெட்டிய காட்டின் வரலாறு

கோயமுத்தூர் ஜில்லாவின் தென்பாகத்தில் மதில்போல் நெடுக நிற்பது ஆனைமலைத் தொடர். பொள்ளாச்சித் தாலுகாவின் குடியானவர்கள் அதனை நாள்தோறும் கண்ணாற் காண்கின்றனர். ஆயினும் அதனுள்ளே ஏறிச் செல்லும் பாதையின் சரித்திரத்தை அறிந்தவர் சிலரே. பொள்ளாச்சியினின்று புறப்பட்டு ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை ஆகிய ஊர்களைக் கடந்து, டாப்சிலிப்பு வழியாகக் கேரள எல்லைக்குட்பட்ட பரம்பிக்குளத்தை அடைவது அப்பாதை. டாப்சிலிப்பு பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 22 மைல் தொலைவிலும், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 அடி உயரத்திலும் உள்ளது.

யானை, காட்டெருமை, புள்ளிமான் முதலியவற்றைக் காணும் விருப்பத்தினால் இப்பாதையிற் செல்வோர் பலர். எனினும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இதனை மற்றொரு நோக்குடனும் கவனித்தல் தகும். ஒரு பொதுச் சொத்து எவ்வாறு அனுபவித்தால் அழியும், எவ்வாறு அனுபவித்தால் நிலைக்கும் என்னும் வினாவுக்கு இவ்வழியிலுள்ள ஒவ்வோரிடமும் ஒரு விடை கூறுகின்றது.

ஆற்றில் வந்த மாங்கனி

பாதையின் தொடக்கத்தில், ஆனைமலை ஊரில், உப்பாற்றின் கரையில் மாசாணியம்மன் கோயில் உள்ளது. அம்மன் தரையில் படுத்த கோலத்தில் காட்சியளிப்பது இக்கோயிலின் சிறப்பு. களவு கொடுத்தோரும் அநீதியால் வருந்துவோரும் இங்குள்ள நீதிக்கல்லில் மிளகாயை அரைத்துப் பூசி முறையிடும் வழக்கம் இன்றும் நடந்து வருகின்றது.

நன்னன் என்னும் சிற்றரசனுடைய காவல் மாமரத்தினின்று விழுந்து ஆற்றுநீரில் மிதந்து வந்த காயை, நீராடச் சென்ற பெண்ணொருத்தி உண்டாள். அக்குற்றத்திற்காக அரசன் அவளுக்குக் கொலைத் தண்டனை விதித்தான். அவளுக்கு ஈடாக எண்பத்தொரு யானைகளையும் அவள் நிறைக்கு ஒத்த பொற்பாவையையும் தருவதாகக் கூறியும் அவன் இணங்கவில்லை. இச்செய்தி சங்க நூலாகிய குறுந்தொகையில் குறிக்கப்பட்டுள்ளது. அப்பெண்ணே மாசாணியம்மன் என்பது இவ்வூர்ப் பரம்பரைக் கதை. நன்னனுடைய மரம் பின்னர்க் கோசர்களால் வெட்டப்பட்டது என்பதையும் அந்நூலால் அறிகிறோம். ஆற்றில் வந்த காயையும் தனக்கே உரியதெனப் பிடிவாதம் கொண்டவனுக்குக் கடைசியில் மரமும் மிஞ்சவில்லை. வனத்தின் பயன் யாருக்கு உரியது என்னும் வழக்கு இப்பிரதேசத்தில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இக்கதை சான்று.

மரம் சறுக்கிய இடம்

சேத்துமடைக்கு அப்பால் காட்டிலாகாவின் காவற்சாவடியைக் கடந்ததும் பாதை வளைந்து வளைந்து மலையேறுகின்றது. உச்சியிலுள்ள சமவெளியே டாப்சிலிப்பு. இது ஆங்கிலப் பெயர். சறுக்கலின் தலைப்பு என்பது பொருள். மேலே வெட்டிய தேக்கு மரங்களை யானைகளைக் கொண்டு இவ்விடத்துக்கு இழுத்து வந்து, இங்கிருந்து சரிவிலே அடிவாரத்துக்குச் சறுக்கி விட்டமையால் இப்பெயர் உண்டாயிற்று.

தேக்கை அக்காலத்தார் அவ்வளவு விரும்பியதற்குக் காரணங்கள் உள. அம்மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் கரையானும் நீரும் அதனை எளிதிற் கெடுப்பதில்லை. அதில் அறைந்த இரும்பாணியும் விரைவில் துருப்பிடிப்பதில்லை. ஆகவே கப்பல் கட்டுவதற்கு அதனினும் ஏற்ற மரம் கிடைப்பது அரிதாயிருந்தது. பம்பாய்க் கப்பற்பட்டறைக்கு ஆனைமலைத் தேக்கு அனுப்பப்பட்டது. இவ்வேலையை நடத்துவதற்காக 1848-ஆம் வருஷத்தில் மைக்கேல் என்னும் இராணுவ உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டார். பின்னர் இருப்புப்பாதைகள் போடத் தொடங்கியபோது, தண்டவாளத்தின் கீழிடும் கட்டைகளுக்கும் மரம் பெருவாரியாக வேண்டியதாயிற்று.

வெட்டுவோர் பலர், நடுவோர் இலர். ஒரு தேக்கு நன்கு முதிர்வதற்கு ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு மேலாகும். அதனை வீழ்த்துவதற்கோ ஒரு பகற்பொழுது போதும். இவ்விரு காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிற் கொள்ளாமையே காடு குறைந்ததன் காரணம். இந்நிலையை உணர்ந்து 1856-இல் சென்னை ராஜதானியின் காடுகளுக்குக் கிளெக்ஹார்ன் என்பவர் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1882-இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது.

மறுதாம்பு விட்ட தேக்கு

சட்டம் வெட்டுதலைத் தடுக்கும். மரத்தை வளர்க்க அது மட்டும் போதாது. வளர்க்கும் முறையை இவ்விடத்தில் நிலைநாட்டியவர் ஹியூகோ வுட் என்னும் காட்டிலாகா உத்தியோகஸ்தர். 1915-ஐ அடுத்த வருஷங்களில் இக்காடு அவருடைய பொறுப்பில் இருந்தது.

கரும்பு வெட்டியபின் கட்டையை விட்டு மறுதாம்பு எடுப்பதைக் குடியானவர் நன்கறிவர். தேக்கும் அத்தன்மையதே. வேரோடு பிடுங்காமல், தரையை ஒட்டிப் பிளவின்றி வெட்டிவிட்டால், அடிக்கட்டையினின்று பல துளிர்கள் கிளம்பும். அவற்றுள் வலியதொன்றை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். பழைய வேர் முன்னமே நிலத்தில் ஆழ ஓடியிருத்தலால், அத்துளிர் புது நாற்றைக் காட்டிலும் தொடக்கத்தில் விரைந்து வளரும். வேர் மண்ணைப் பற்றி நிற்பதால் மழையில் மலைச்சரிவும் கரையாது.

இதனுடன் கூப்பு முறையும் சேர்ந்தது. ஒரு காட்டை முப்பது கூப்புகளாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு கூப்பு மட்டும் வெட்டுவதாக வைத்துக்கொண்டால், கடைசிக் கூப்பு வெட்டி முடிந்தபின் முதற்கூப்பு மீண்டும் வெட்டுவதற்குப் பக்குவமாகியிருக்கும். வருஷந்தோறும் வருமானம் வரும்; காடும் நிற்கும். ஆனால் ஒரு வருஷத்தில் இரண்டு கூப்பு வெட்டினால் கணக்குத் தவறிப்போகும். அத்தவறு உடனே வெளிப்படாமல் பின்சந்ததியாரின் காலத்திலேயே வெளிப்படும்.

வுட் துரை உலாவச் செல்லும்போதெல்லாம் சட்டைப்பையில் தேக்கு விதை வைத்திருந்து, இரும்பு முனை பொருத்திய கைத்தடியால் நிலத்திற் குழிசெய்து, விதையை இட்டு மூடிச் செல்வார் என்று அப்பகுதியார் இன்றும் கூறுவர். 1933-இல் அவர் இறந்தார். அவருடைய விருப்பப்படியே அவருடல் இக்காட்டில், தேக்கு மரங்களின் நடுவே அடக்கம் செய்யப்பட்டது. தம் ஞாபகச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் நோக்குக என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

எனினும் இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. தேக்கு ஒன்றையே வளர்த்த இடங்களில் பல்வகை மரங்கள் குறைந்தன. பெரிய இருவாட்சிப் பறவை, முதிர்ந்த மரத்தின் பொந்தினுள் கூடு கட்டுவது. பெண்பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை சிறு துவாரத்தின் வழியே பழம் ஊட்டும். அவ்வாறு உண்ட பழங்களின் விதைகளைக் காடெங்கும் பரப்புவதும் இப்பறவையே. வியாபாரிக்கு உதவாதென்று கழித்த பொந்துமரமே அதற்கு வீடு. விலையற்றதெனத் தோன்றும் பொருளும் காட்டின் வாழ்வுக்கு வேண்டியதே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. 1976-இல் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இக்காலத்தில் இங்கே வியாபாரத்துக்காக மரம் வெட்டப்படுவதில்லை.

கன்னிமாரத் தேக்கும் இருப்புப்பாதையும்

டாப்சிலிப்புக்கு அப்பால் ஆனப்பாடியில் கேரளக் காவற்சாவடி உள்ளது. அதனையடுத்துத் தூணக்கடவுப் பகுதியில் கன்னிமாரத் தேக்கு என்னும் பெருமரம் நிற்கின்றது. அதன் அடிமரத்தின் சுற்றளவு இருபது அடிக்கு மேற்பட்டது. வயது நானூறு வருஷங்களுக்கு மேலென மதிக்கப்படுகின்றது. உயிரோடுள்ள தேக்குகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகிய இம்மரத்துக்கு இந்திய சர்க்கார் 1994-95-இல் மகாவிருட்சப் பரிசு அளித்தனர். முன்னொரு காலத்தில் இதனை வெட்டத் தொடங்கியபோது இரத்தம் பெருகியதென்றும், அதுமுதல் மலைவாசிகள் இதனைக் கன்னித் தெய்வமாக வணங்கினரென்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும், அப்பக்தியே மரத்தைக் காத்தது.

இதே காட்டில் கொச்சி சமஸ்தானத்தார் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறக்குறைய ஐம்பது மைல் தூரத்துக்கு ஒரு டிராம் பாதை அமைத்திருந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அப்பாதையில் செங்குத்தான சரிவுகள் பல இருந்தன. அவ்விடங்களில், பாரமேற்றி இறங்கும் வண்டிகளின் எடையே வெறும் வண்டிகளை மேலே இழுக்குமாறு வடக்கயிறு பூட்டியிருந்தனர். மலையிலிருந்து மரம் இறங்கிக்கொண்டே இருந்தது. 1963-இல் அப்பாதை மூடப்பட்டது. அத்தனை சாமர்த்தியத்துடன் அமைத்த பாதை மறைந்தது. வெட்டாமல் விட்ட ஒற்றை மரத்தைக் காண இன்றும் ஜனங்கள் செல்கின்றனர்.

காட்டில் வாழ்வோர்

இம்மலையின் பழங்குடிகள் காடர், மலசர், மலைமலசர், முதுவர் முதலியோர். உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் ஏறித் தேன் எடுப்பதில் காடர் தேர்ந்தவர்; மூங்கிற் சீப்பில் சித்திர வேலை செய்வதும் அவர்களுடைய பழைய கலை. யானைகளைப் பழக்கிப் பேணும் மாவுத்தர்களாக மலசர் நெடுங்காலம் பணிபுரிந்து வருகின்றனர். டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி யானை முகாம் அவர்களுடைய திறமைக்குச் சான்று.

மரம் வெட்டியபோது வழிகாட்டியவரும், மரம் நட்டபோது உழைத்தவரும் இம்மக்களே. ஆயினும் வருமானம் பங்கிடப்பட்டபோது அவர்கள் கணக்கில் இல்லை. காடு சர்க்கார் வசமான பின் தம் சொந்த இடத்திலேயே கூலியாட்களாயினர். தோட்டங்களும் அணைகளும் வந்தபோது பலர் இருப்பிடம் மாற நேர்ந்தது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இவ்வநீதியை ஒப்புக்கொண்டு, அவர்களுடைய உரிமைகளைப் பதிவு செய்ய வழி வகுத்தது. பரம்பிக்குளத்தில் காட்டைக் காணவருவோருக்கு வழிகாட்டும் வேலை, அங்குள்ள மலைவாசிகளின் குழுக்கள் மூலமாகவே நடைபெறுகின்றது. காட்டை வெட்டுவதால் அன்றி, காடு நிற்பதால் பிழைப்புக் கிடைப்பதற்கு இது நல்ல உதாரணம்.

மலையும் வாய்க்கால் நீரும்

சமவெளியில் உழுது வாழ்பவனுக்கு இவ்வரலாற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் இக்காட்டினுள்ளேயே இருக்கின்றன. அங்குத் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகச் சர்க்கார்பதி மின் நிலையத்துக்கு இறங்கி, வாய்க்கால் மூலம் திருமூர்த்தி அணையை அடைகின்றது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் முதலிய தாலுகாக்களில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தால் பாசனம் பெறுகின்றது. இதற்குரிய ஒப்பந்தம் 1970-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி, 1958 நவம்பர் 9 முதல் செல்லத்தக்கதாகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தாயிற்று.

காட்டு மண் மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்ல விடுக்கும். மரமற்ற சரிவோ நீரை ஒரேயடியாக ஓடவிட்டு, அதனுடன் மண்ணையும் அணைக்குள் தள்ளும். மண் நிரம்பிய அளவுக்கு நீர் குறையும். ஆகவே சேத்துமடைக்கு மேலே ஒரு சரிவு மொட்டையானால், தாராபுரத்தில் ஒரு வயல் காய்வதற்கு அதுவும் ஒரு காரணமாகும். அணையின் நீரோ அளவுக்குட்பட்டது. அதனால் திருமூர்த்தி அணைப் பாசன நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறைவைத்து நீர் விடுகின்றனர். இது கூப்பு முறையின் மறுவடிவமே. தன் முறை வருமுன் மடையைத் திறப்பவன், இரண்டாவது கூப்பை வெட்டியவனுக்கு ஒப்பாவான்.

சங்கத்துக்குரிய பாடம்

1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம், நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்கு நிதியிற் சேர்த்த பின்னரே மிஞ்சியதைப் பங்கிடலாம் என விதித்தது. அங்கத்தினருள் சிலர், லாபத்தை முழுதும் பிரித்துக் கொடாமல் நிறுத்தி வைப்பது எதற்கு என்று முணுமுணுப்பதுண்டு. அவ்வொதுக்கு நிதியே சங்கத்தின் அடிக்கட்டை. அது உள்ளவரை ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் மறு வருஷம் துளிர்க்கும். வாங்கிய கடனைத் தவணையில் திருப்புவது, வெட்டிய கூப்பில் துளிரைக் காப்பது போன்றது. உழைத்தவனைப் பங்கில் மறவாமை மலைவாசிகளின் வரலாறு கற்பிக்கும் பாடம்.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் பின்வரும் வினாக்களை ஆலோசிப்பார்களாக:

1. நம் கிராமத்தில் பொதுவாக அனுபவிக்கும் புறம்போக்கு, ஏரி, தோப்பு ஆகியவற்றுள் வருஷந்தோறும் எவ்வளவு எடுக்கப்படுகின்றது? எவ்வளவு மீண்டும் வளர்கின்றது?

2. அவற்றைக் கூப்புகளாகவோ முறைகளாகவோ பிரித்து அனுபவிக்க இயலுமா?

3. அவற்றைக் காக்க உழைப்போர் யார்? பயனில் அவர்களுக்குரிய பங்கு சேர்கின்றதா?

இவற்றுக்கு உண்மையான விடையைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்கும் சங்கம், சேத்துமடை மலைப்பாதையின் வரலாற்றைப் படித்ததன் பயனை அடைந்ததாகும்.