கீமோ போட்டவருக்குக் காய்ச்சலா? விடியட்டும்னு இருக்காதீங்க!



சில மாதங்களுக்கு முன் மஞ்சக்குப்பம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் அக்கா வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஊசி போட்டு அன்றைக்கு ஒன்பதாம் நாள். முதல் நாள் ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. 108-ஐ அழைத்து அனுப்பி வைத்தோம். பிழைத்துவிட்டார். "ஊசி போட்டா காய்ச்சல் வர்றது சகஜம்னு நினைச்சேன்" என்றார். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

ஏன் இப்படி வருகிறது?

கீமோ மருந்து வேகமாக வளரும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் அப்படி வளரும். முடி வேர், வாய், குடல், எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் இவையும் அப்படித்தான். களைக்கு அடித்த மருந்தில் பயிரும் கொஞ்சம் வாடுகிற மாதிரி. அதனால் முடி கொட்டும் (பிறகு முளைக்கும்), வாய் புண்ணாகும், வாந்தி பேதி வரும். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் குறையும். பெரும்பாலும் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் அது மிகவும் குறைந்திருக்கும். அப்போது சின்னக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

1. வாந்தி: டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையைச் சொன்ன நேரத்துக்கே போட வேண்டும். வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இட்லி, கஞ்சி, பொரி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். தாளிக்கிற வாசனை பிடிக்காது. சமையலை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

2. வாய்ப்புண்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்பலாம். காரம், புளிப்பு, சூடு வேண்டாம்.

3. பேதி: உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) குடிக்க வேண்டும். நிற்காவிட்டால், ரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

4. சாப்பாடு: அப்போது சமைத்தது, காய்ச்சிய தண்ணீர். நேற்று மிஞ்சியது வேண்டாம். வீட்டில் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

5. சுத்தம்: ஊசி போட்ட இரண்டு நாள் வாந்தி, மலம், சிறுநீரைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

6. மாத்திரை: கை கால் எரிச்சல், உடம்பு சூடு பறப்பது என்று எது வந்தாலும் நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மாற்றுவார். நாட்டு மருந்து சேர்ப்பதானாலும் அவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

உடனே போக வேண்டியது

நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்து 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காட்டினால், குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம் இருந்தால், நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டும். டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை போட வேண்டாம். அது காய்ச்சலை மறைத்துவிடும். ஊசி போட்ட ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். சிதம்பரம் பக்கத்தவர்கள் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக, "கீமோ போட்டவங்க, காய்ச்சல் இருக்கு" என்று சொல்லி ஃபைலைக் காட்டுங்கள்.

குழுவில் பேசுவோம்

* நம் குழுவில், தெருவில் சிகிச்சையில் இருப்பவர் யார்? அவருக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுக்க முடியுமா?
* ராத்திரியில் ஆட்டோவுக்கு அவசரப் பணம் யார் கையில் இருக்கும்?
* ஊசி போட்ட ஏழாம் நாள் முதல் தினமும் அவரை எட்டிப் பார்ப்பது யார் முறை?

அந்த அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். தெர்மாமீட்டர் பார்க்க மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான்.