நிலவைப் படம் பிடிப்போம்



நான் கல்லூரியில் படித்த காலத்தில் இரவல் வாங்கிய காமிராவுடன் ஒரு பௌர்ணமி இரவு மம்சாபுரத்துக் கண்மாய்க் கரைக்குப் போனேன். காமிராவில் 36 படங்கள் எடுக்கக்கூடிய புதிய பிலிம் சுருள் இருந்தது. இரவு நேரமாயிற்றே, நிறைய ஒளி வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று ஷட்டரைத் திறந்து வைத்தேன். சுருளைக் கழுவி வாங்கிப் பார்த்தால், 36 படங்களிலும் கறுப்பு வானத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு! மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் போனதுதான் மிச்சம்.

இன்று உங்களில் பலர் கைபேசியால் நிலவைப் படம் எடுத்து, அதே வெள்ளைப் பொட்டைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். கைபேசி சரியில்லை என்றும் எண்ணியிருப்பீர்கள். உண்மையில் நமக்குக் குறைவாக இருப்பது கருவி அன்று, சிறிது இயற்பியல்தான். அதைப் பார்ப்போமா?

இரவில் ஒரு பகல்

ஒரு கேள்வி. நிலவில் இப்போது பகலா, இரவா? நம் கண்ணுக்கு ஒளிர்ந்து தெரியும் பகுதி முழுவதும் பகல்தான். அங்கே விழுவது சூரிய ஒளி. சூரியனிலிருந்து நாம் இருக்கும் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கி.மீ.; நிலவும் ஏறத்தாழ அதே தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே மம்சாபுரத்து வயலில் நண்பகலில் அடிக்கும் வெயிலைப் போன்ற வெயில்தான் நிலவிலும் அடிக்கிறது. நிற்பது இருட்டில் என்றாலும், நாம் படம் எடுப்பது வெயிலில் கிடக்கும் ஒரு பொருளை!

காமிராவின் தானியங்கி அமைப்புக்கு இது தெரியாது. அது காட்சி முழுவதன் சராசரி ஒளியை அளக்கிறது. காட்சியில் பெரும்பகுதி கரிய வானம். 'இருட்டாக இருக்கிறது' என்று முடிவு செய்து, அது ஒளியை மிகுதியாக உள்ளே விடுகிறது. நிலவு வெளுத்துப் போகிறது. நான் செய்த தவறும் இதுவே.

எவ்வளவு ஒளி வேண்டும்?

நல்ல வெயிலில் படமெடுக்கப் புகைப்படக்காரர்கள் ஓர் எளிய விதியைக் கையாள்வர்: ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 16, நேரம் 1/125 விநாடி. 'எஃப் 16' என்றால் துளையின் விட்டம் லென்சின் குவியத் தொலைவில் 16-இல் ஒரு பங்கு என்று பொருள். எண் சிறிதானால் துளை பெரிது.

நிலவின் தரை பார்வைக்கு வெள்ளை. உண்மையில் அது பழைய தார்ச் சாலையைப் போல மங்கியது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே துளையை ஒரு படி பெரிதாக்கி எஃப் 11 என்று வைத்துக்கொள்வர். முழுநிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 1/125 விநாடி. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலான கைபேசிகளின் துளையை மாற்ற முடியாது. பல கைபேசிகளில் அது எஃப் 1.8 அளவில் இருக்கும். உள்ளே வரும் ஒளி எண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 11-ஐ 1.8-ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறத்தாழ 37. ஆகவே நேரத்தை 37-இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதாவது 1/4000 விநாடியை ஒட்டி. கைபேசியில் நாமே அளவுகளை அமைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, 1/1000-இல் தொடங்கி, நிலவின் கரும்புள்ளிகள் தெரியும்வரை நேரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள்.

படம் ஏன் இத்தனை சிறிது?

நிலவின் விட்டம் 3,474 கி.மீ.; சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. தொலைவு விட்டத்தைப்போல் ஏறத்தாழ 110 மடங்கு. காமிராவுக்குள் விழும் பிம்பத்துக்கும் இதே விகிதம்தான். லென்சின் குவியத் தொலைவை 110-ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம் கிடைத்துவிடும். 50 மி.மீ. லென்சில் அது அரை மி.மீ. கூட இல்லை, 200 மி.மீ. லென்சில் 1.8 மி.மீ.; 1000 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் 9 மி.மீ.

கைபேசி லென்சின் குவியத் தொலைவு சில மி.மீ. மட்டுமே. ஆகவே பைனாகுலரை அசையாமல் பொருத்தி, அதன் கண்வில்லையோடு கைபேசியின் லென்சைச் சேர்த்து வைத்து எடுங்கள். ஓர் எச்சரிக்கை: பைனாகுலரை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்; நொடியில் கண் பழுதாகிவிடும்.

1840-இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம் எடுத்தபோது, ஏறத்தாழ 20 நிமிடம் ஒளியை விட வேண்டியிருந்தது. அக்காலத் தகடுகளின் உணர்திறன் அவ்வளவு குறைவு. வானில் நிலவு தன் விட்டத்தளவு நகர 2 நிமிடம் போதும். ஆகவே அவர் நிலவைப் பின்தொடர்ந்தபடியே படம் பிடிக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. 1/125 விநாடியில் நிலவு நகர்வது தெரியாது. நம் கை நடுங்குவதுதான் தெரியும். முக்காலி இல்லையேல் கைப்பிடிச் சுவரில் மணல் மூட்டை வைத்து அதன்மேல் காமிராவை அமர்த்துங்கள். பொத்தானை அமுக்கும்போது ஏற்படும் அதிர்வைத் தவிர்க்க, 2 விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

எந்த நாள் நல்ல நாள்?

பௌர்ணமி என்றுதான் பலரும் சொல்வர். ஆனால் அன்று சூரிய ஒளி நம் பக்கத்திலிருந்து நேராக நிலவின்மேல் விழுவதால் அங்கே நிழல் தெரியாது. நிழல் இல்லையேல் மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். அங்கே அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. நிழல்கள் நீண்டு விழுகின்றன. பள்ளங்கள் செதுக்கியது போல் நிற்கின்றன. அரைநிலவு மங்கலானது, ஆகவே முழுநிலவுக்குத் தந்த நேரத்தைப்போல் 4 மடங்கு கொடுங்கள்.

2023 ஆகஸ்டு 23-இல், விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அன்று மாலை நம் வானில் இருந்தது ஏறத்தாழ அரைநிலவு. கலம் இறங்கிய இடத்தில் காலைப் பொழுது தொடங்கியிருந்தது. சூரிய மின்சாரத்தில் இயங்கும் கலத்துக்கு, நம் கணக்கில் 14 நாள் நீளும் நிலவுப் பகல் முழுவதும் வேண்டுமல்லவா?

கோபுரமும் நிலவும்

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் இராஜகோபுரத்தின் உயரம் 192 அடி என்பர். இதை 110-ஆல் பெருக்கினால் 21,120 அடி. அதாவது 4 மைல், சுமார் 6.4 கி.மீ. அத்தனை தொலைவில் நின்று பார்த்தால் கோபுரத்தின் உயரமும் நிலவின் விட்டமும் ஒன்றாகத் தோன்றும். அருகே நின்றால் நிலவு கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுத்தான். உங்கள் ஊர் கோபுரத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்று நிலப்படத்தில் அளந்து பாருங்கள்.

கோபுரத்துக்கு மேற்கே, மம்சாபுரம் பக்கத்து வயல்வெளியில், அது நன்றாகத் தெரியும் இடமாகத் தேடி நில்லுங்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் மாலை ஏற்றது. அன்று சூரியன் மறையுமுன்பே நிலவு கிழக்கில் எழுந்துவிடும். நமக்கு மேற்கே மலைத்தொடர் இருப்பதால் வெயில் சீக்கிரம் போய்விடும். அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அப்போது கோபுரத்தின்மேல் விழுவதும் நிலவின்மேல் விழுவதும் ஒரே சூரியனின் ஒளிதான்! மாலை வெயில் மங்கல். அடிவானத்துக் காற்று நிலவையும் மங்கச் செய்யும். ஆகவே நேரத்தைச் சற்றுக் கூட்டிப் பல படங்கள் எடுங்கள். நிலவு எழும் இடமும் மாதந்தோறும் மாறும்: மார்கழிப் பௌர்ணமி வடகிழக்கில், ஆனிப் பௌர்ணமி தென்கிழக்கில். எந்த மாதம் கோபுரத்துக்கு நேரே எழுகிறது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

கடைசியாக ஒன்று. சில கைபேசிகள் நிலவை அடையாளம் கண்டு, படத்தைத் தாமே மெருகேற்றித் தருகின்றன. படம் அழகாக இருக்கும். ஆனால் அதில் நீங்கள் கண்டது எது, கருவி சேர்த்தது எது என்று சொல்ல முடியாது. முடிந்தால் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நாள், மணி, ஐ.எஸ்.ஓ., துளை, நேரம் ஆகியவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். என் 36 படங்களுக்கும் நான் அப்படி எழுதியிருந்தால், தவறு எங்கே என்பது அன்றே விளங்கியிருக்கும்.

அடுத்த வளர்பிறையில் தொடங்குங்கள்!