சீனர் சூட்டும் பெயர்

மகவு பிறந்ததும் பெற்றோர் அதற்கு அளிக்கும் முதற்செல்வம் பெயரே ஆகும். பொன்னும் பொருளும் ஒரு காலத்தே வரும். ஒரு காலத்தே நீங்கும். பெயரோ வாழ்நாள் முழுவதும் உடன் நின்று, ஒருவர் மறைந்த பின்னும் உலகில் நிலவும். ஆதலின் பெயர் சூட்டுதலை எல்லா நாட்டினரும் பெருங்கடமையாகப் போற்றி வந்துள்ளனர். எனினும் சீன நாட்டார் அக்கடமையில் செலுத்தும் கருத்து தனிச்சிறப்பு உடையது. அவர்தம் எழுத்தின் இயல்பே அதற்குக் காரணமாகும்.

பூ, தீ, கை என்பன தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள். எழுத்து ஒன்றே நின்று சொல்லாகிப் பொருள் தருதலின் அவை அப்பெயர் பெற்றன. அத்தகைய மொழிகள் நாற்பத்திரண்டு என்று நன்னூல் வரையறுக்கின்றது. சீனத்திலோ ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஒலியும் ஒரு பொருளும் உடையது. ஆகவே அங்கே பொருளற்ற பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. பெயரை எழுதும்போதே அதன் பொருளும் கண்முன் தோன்றிவிடுகின்றது.

சீன எழுத்தின் தொன்மை வியக்கத்தக்கது. ஆன்யாங் என்னும் ஊரின் அருகே, ஆமையோடுகளிலும் எருதின் தோளெலும்புகளிலும் பொறிக்கப்பெற்ற எழுத்துக்கள் கிடைத்துள்ளன. அவை கி.மு. 13ஆம் நூற்றாண்டளவில் ஷாங் மரபு மன்னர் குறி கேட்டு எழுதுவித்தவை. கி.பி. 100ஆம் ஆண்டில் ஷூ ஷென் என்னும் புலவர் 9,353 எழுத்துக்களை ஆராய்ந்து, அவற்றின் அமைப்பை விளக்கி ஓர் அகராதி இயற்றினார். 1716ஆம் ஆண்டில் காங்ஷி பேரரசரின் ஆணையால் வெளிவந்த அகராதி 47,035 எழுத்துக்களைக் கொண்டது. இப்பெருங்கடலில் இருந்தே பெற்றோர் தம் மகவுக்குரிய ஓரிரு முத்துக்களைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

எழுத்துக்கள் அமைந்துள்ள முறையை ஒருசில சான்றுகளால் அறியலாம். ஞாயிற்றின் வடிவையும் திங்களின் வடிவையும் அருகருகே எழுதினால், 'மிங்' என்னும் எழுத்து ஆகும். ஒளி என்பது அதன் பொருள். ஒரு கோட்டின்மேல் ஞாயிற்றை எழுதினால், 'தான்' என்னும் எழுத்து ஆகும். அடிவானத்தினின்று கதிரவன் எழும் விடியற்காலையை அது குறிக்கும். ஆயினும் பெரும்பாலான எழுத்துக்கள் பொருள் காட்டும் உறுப்பு ஒன்றும் ஒலி காட்டும் உறுப்பு ஒன்றும் இணைந்தவை. 'ரோங்' என்னும் எழுத்து ஒன்று உண்டு. அதன் இடப்பக்கம் உலோகத்தைக் குறிக்கும். வலப்பக்கம் ஒலியைக் காட்டும். உலோகத்தை உருக்கி வார்த்தல் என்பது அவ்வெழுத்தின் பொருளாகும்.

சீனர் பெயரில் குடிப்பெயர் முதலிலும், இடுபெயர் அதன் பின்னும் வரும். குடிப்பெயர் பெரும்பாலும் ஓரெழுத்தே. வாங், லி, ஜாங் என்பன மிகுதியாக வழங்குவன. ஒரே ஒலியுடைய எழுத்துக்கள் பல ஆதலின், பேச்சில் பெயரைக் கூறுவோர் எழுத்தையும் விளக்கிக் கூறுதல் வழக்கம். 'ஜாங்' என்னும் ஒலியுடைய குடிப்பெயர்கள் இரண்டு உள்ளன. "வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்" என்பார் ஒருவர். "நிற்றலும் காலையும் சேர்ந்த ஜாங்" என்பார் மற்றொருவர். கேட்பவர் எழுத்தை மனத்தில் எழுதிப் பார்த்து, இன்ன குடியினர் எனத் தெளிவர்.

குடிப்பெயர் வழிவழி வருவது; அதனைப் பெற்றோர் தெரிந்தெடுத்தல் இல்லை. இடுபெயரிலேயே அவர்தம் உள்ளம் வெளிப்படும். இடுபெயர் ஓரெழுத்தாலோ ஈரெழுத்தாலோ அமையும். அதனைத் தேர்வோர் பொருள், ஒலி, வடிவு ஆகிய மூன்றையும் சீர்தூக்குவர். பொருள் நல்லதாயினும், குடிப்பெயரோடு சேர்ந்து ஒலிக்கும்போது வேறொரு தீய சொல்லின் ஒலி தோன்றுமாயின் அவ்வெழுத்தை விலக்குவர். வடிவு எழுதுதற்கு அரிதாயின் மகவு பள்ளியில் இடர்ப்படும் என்று எண்ணுவர். ஆண் மக்களுக்கு வலிமை, பெருமை, துணிவு என்னும் பொருளுடைய எழுத்துக்களையும், பெண் மக்களுக்கு மலர், மணி, நறுமணம் என்னும் பொருளுடைய எழுத்துக்களையும் சூட்டுதல் நெடுநாளைய வழக்கம்.

மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தும் மக்கள் வாழ்வில் ஒத்து நிற்றல் வேண்டும் என்பது சீனரின் பழைய நம்பிக்கை. பிறந்த காலத்தைக் கணித்து, குறைவுடையதைப் பெயரால் நிறைவு செய்ய முயல்வோரும் உளர். புகழ் பெற்ற எழுத்தாளர் லூ சுன் 1921ஆம் ஆண்டில் எழுதிய 'சொந்த ஊர்' என்னும் சிறுகதையில் ரூன்து என்னும் உழவர் மகன் வருகின்றான். அவன் அதிக மாதத்தில் பிறந்தவன்; அவன் பிறப்பில் மண் குறைவு என்று கணித்தனர். ஆகவே அதிக மாதத்தைக் குறிக்கும் 'ரூன்' என்பதையும், மண்ணைக் குறிக்கும் 'து' என்பதையும் இணைத்து அவனுக்குப் பெயராக்கினான் தந்தை.

பண்டைக் காலத்தில் இருபது வயது நிரம்பிய ஆடவர்க்கு மற்றொரு பெயரும் சூட்டினர். இயற்பெயரைப் பெற்றோரும் ஆசிரியரும் வழங்குவர். ஏனையோர் இப்பெயரையே வழங்குதல் மரபு. இரண்டும் பொருளால் தொடர்புற்றிருக்கும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரமைச்சர் ஜுகெ லியாங்கின் இயற்பெயராகிய 'லியாங்' என்பதற்கு ஒளி என்பது பொருள். அவர் பெற்ற மற்றொரு பெயர் 'கோங்மிங்'. பேரொளி என்பது அதன் பொருள். ஞாயிறும் திங்களும் சேர்ந்த 'மிங்' இங்கே வந்து நிற்றலைக் காண்க.

சில குடியினர் தலைமுறைக்கு ஓரெழுத்து என வரிசையாக முன்னரே வகுத்து வைத்துள்ளனர். ஒரு தலைமுறையில் பிறந்த உடன்பிறந்தாரும் பங்காளிகளும் அவ்வெழுத்தைத் தம் பெயரில் கொள்வர். தொலைவில் வாழும் இருவர் முதன்முறை சந்திக்கும்போதும் யார் எத்தலைமுறையினர் என்பதைப் பெயரே அறிவித்துவிடும். அறிஞர் கன்பூசியஸின் வழியினராகிய கோங் குடியினர் இம்முறையை இன்றும் பேணுகின்றனர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் குடிவழி நூலில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடம் பெற்றன. பெண் மக்களின் பெயர்கள் அதிலேதான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன.

பெயரெழுத்து பெருமை தருவதோடு சில வேளைகளில் துன்பமும் தந்தது. அரசரின் பெயரெழுத்தை மக்கள் எழுதலாகாது. தந்தையின் பெயரை மைந்தர் கூறலாகாது. ஹான் மரபில் தோன்றிய ஷுவான் பேரரசரின் இயற்பெயர் 'பிங்யி'. நோய் நீங்கியது என்பது அதன் பொருள். 'நோய்' என்பதும் 'நீங்கியது' என்பதும் நாள்தோறும் வழங்கும் எழுத்துக்கள் அல்லவோ? அறியாது எழுதி ஒறுக்கப்பட்டவர் பலர். அவர்பால் இரங்கிய அரசர் கி.மு. 64ஆம் ஆண்டில், அருகிய வழக்குடைய 'ஷுன்' என்னும் எழுத்தைத் தம் பெயராக மாற்றிக்கொண்டார். முன்னர்ப் பிழைத்தோரையும் மன்னித்தார். குடிகளின் பொருட்டுத் தம் பெயரையே துறந்த அவர் பெருந்தன்மை போற்றத்தக்கது.

எல்லாரும் அவ்வாறு இருந்தாரல்லர். தாங் மரபுக் காலத்துக் கவிஞர் லி ஹெ இளமையிலேயே புகழ் பெற்றவர். அவர் 'ஜின்ஷி' என்னும் உயர்தேர்வு எழுத விரும்பினார். அவர் தந்தையின் பெயர் 'ஜின்சு'. எழுத்து வேறாயினும் 'ஜின்' என்னும் ஒலி ஒன்றே என்று கூறிப் பகைவர் தடுத்தனர். ஹான் யூ என்னும் பெரும்புலவர் அத்தடை பொருந்தாது என வாதிட்டு ஒரு கட்டுரையே வரைந்தார். எனினும் அத்தேர்வு அவருக்குக் கிட்டாமலே போயிற்று. சிங் மரபுக் காலத்தில் வாங் ஷீஹௌ என்னும் அறிஞர் ஓர் அகராதி வெளியிட்டார். எழுதத் தகாதவை இவை என்று மாணவர் அறியும் பொருட்டு, அரசர்தம் பெயரெழுத்துக்களை அதில் முழுமையாக அச்சிட்டார். அதுவே குற்றங்களுள் ஒன்றாகி, 1777ஆம் ஆண்டில் அவர் கொலைத் தண்டனை பெற்றார். அறிவூட்டக் கருதியவருக்கு அறிவே கூற்றாயிற்று!

பெண் மக்கள் சுமந்த துன்பம் வேறு வகையினது. ஆண் மகவை விழைந்த பெற்றோர் சிலர், பெண் பிறந்தபோது அதற்கு 'ஜாவ்தி' என்று பெயரிட்டனர். தம்பியை அழைத்து வா என்பது அதன் பொருள். தன் பெயரை எழுதுந்தோறும், தான் விரும்பப்பட்டவள் அல்லள் என்பதை அப்பெண் தன் கையாலேயே எழுதுகின்றாள். இதனினும் கொடிது யாது? அத்தகையோருள் பலர் வளர்ந்த பின் தம் பெயரை மாற்றிக்கொண்டுள்ளனர். 2021ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பு, தம் பெயரைத் தீர்மானிக்கவும் மாற்றவும் மக்களுக்குள்ள உரிமையை வலியுறுத்துகின்றது.

இவ்வுரிமை சட்டத்தில் இடம் பெறுதற்கு நெடுநாள் முன்னரே அதனைச் செயலில் காட்டிய வீரமங்கை சியூ ஜின். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் 'குய்ஜின்'. 'குய்' என்பது பெண்டிர் அடங்கி வாழும் உள்ளறை. 'ஜின்' என்பது உயரிய பச்சைமணி. கல்வி நாடி ஜப்பான் சென்ற அம்மையார் உள்ளறையைக் குறிக்கும் எழுத்தை நீக்கி, மணியைக் குறிக்கும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 'ஜிங்ஷியோங்' என்பதனையும் தம் மற்றொரு பெயராகக் கொண்டார். ஆடவரோடு போட்டியிடுதல் என்பது அதன் பொருள். பெண் கல்விக்கும் நாட்டு விடுதலைக்கும் உழைத்த அவர், 1907ஆம் ஆண்டில் ஷாவ்ஷிங் நகரில் கொல்லப்பட்டார். அவர் நீக்கிய ஓரெழுத்து அவர்தம் வாழ்வையே விளக்கி நிற்கின்றது.

அண்மைக் காலத்தில் பெயரெழுத்துக்குப் புதியதொரு தடை தோன்றியது. 1980ஆம் ஆண்டில் கணிப்பொறிக்கென வகுக்கப்பட்ட தொகுதியில் 6,763 சீன எழுத்துக்களே இருந்தன. 1998 முதல் 2003 வரை தலைமையமைச்சராக விளங்கிய ஜு ரோங்ஜியின் பெயரில் உள்ள, உலோகத்தை உருக்கும் 'ரோங்' என்னும் எழுத்தே அதில் இல்லை. அமைச்சரின் பெயருக்கு இந்நிலை எனின், எளியோர் நிலை என்னாம்? அருகிய எழுத்தைப் பெயராக உடையோர் வங்கியிலும் பயணச்சீட்டு வழங்கும் இடத்திலும் இடர்ப்பட்டனர். சிலர் பெயரையே மாற்றிக்கொண்டனர். பொறிக்காக மனிதர் தம் பெயரை இழத்தல் முறையன்று என்பதை அரசும் உணர்ந்தது. 2022ஆம் ஆண்டில் வெளியான தொகுதியில் 87,887 எழுத்துக்கள் இடம் பெற்றன.

அயல்நாட்டு நண்பருக்குத் தம் மொழியில் பெயர் சூட்டிப் பாராட்டுதலும் சீனர் பண்பாகும். கவிஞர் இரவீந்திரநாத தாகூர் 1924ஆம் ஆண்டில் சீனம் சென்றார். மே மாதத்தில் பீகிங் நகரில் நடந்த அவர் பிறந்தநாள் விழாவில், லியாங் சீச்சாவ் என்னும் அறிஞர் அவருக்கு 'ஜு ஜென்தான்' என்று பெயரிட்டார். இந்தியாவின் பழைய சீனப் பெயர் 'தியென்ஜு'. அதன் ஈற்றெழுத்தாகிய 'ஜு' குடிப்பெயர் ஆயிற்று. 'ஜென்' என்பது இடிமுழக்கம். 'தான்' என்பது விடியலில் எழும் கதிரவன். இரவி என்பது ஞாயிறு. இந்திரன் இடிக்குரிய தெய்வம். ஆகவே கவிஞரின் இயற்பெயர்ப் பொருளே அவ்வெழுத்துக்களில் அமைந்தது. அன்றியும், 'ஜென்தான்' என்பது பண்டை இந்தியர் சீனத்துக்கு வழங்கிய பெயரின் சீன வடிவம். இரு நாடுகளும் ஒரு பெயரில் கைகோத்து நின்றன.

பெயர் என்பது பெற்றோர் தம் மகவை நோக்கிக் கூறும் முதல் வாழ்த்து. அவ்வாழ்த்தைச் சொல்பவர் ஒருவர். வாழ்நாளெல்லாம் சுமப்பவர் மற்றொருவர். எனவே எழுத்தைத் தேர்வோர் தம் விருப்பத்தை மட்டும் நோக்குதல் போதாது. அப்பெயரால் அழைக்கப்படுவோரின் மதிப்பையும் நோக்குதல் வேண்டும். ஒளி என்று பெயர் பெறுதல் எளிது. ஒளியாக வாழ்தல் அவரவர் முயற்சியால் வருவது. நல்ல பெயரைத் தருதல் பெற்றோர் கடன். அதனை நற்பெயராக்குதல் மக்கள் கடன்.